பற்றரிக் கோடு குறைந்தால் குளிரா காரணம்? மலையகத்தில் பழைய மின்கார் வாங்குவோர் கவனத்துக்கு

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை தளர்த்தப்பட்ட பின்னர் மின்கார் பற்றிய பேச்சு மலையகத்திலும் கூடியிருக்கிறது. புதியது வாங்க வசதியில்லாதவர்கள் தேடுவது, பத்து வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் போன்ற பழைய கார்களை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அவற்றைப் பார்க்க நண்பர்களோடு போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: "இங்க குளிர்தானே, அதான் பற்றரி குறைவா காட்டுது."

இதில் பாதி உண்மை. குளிரில் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகும். உள்ளிருக்கும் மின்சாரம் முழுவதையும் வெளியே எடுக்க முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து றேடியோ கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சூடு ஏறினால் கொஞ்சம் உயிர் வரும்.

ஆனால் எவ்வளவு? நோர்வேயில் உறைநிலைக்குக் கீழே ஓடும் மின்கார்களின் தூரம் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. தை, மாசியில் துகள் உறைபனி விழும் விடியற்காலைகளை விட்டால், இங்கே குளிர் எடுப்பது சிறிதளவே. அதுவும் பற்றரி சூடானதும் திரும்பி வந்துவிடும்.

லீஃப் காரின் திரையோரத்தில் உள்ள 12 சிறு கோடுகள் சொல்வது வேறு கதை. பற்றரியின் கொள்ளளவு சுமார் 15 வீதம் குறைந்ததும் முதல் கோடு அணையும். அடுத்தடுத்த கோடுகள் ஒவ்வொன்றும் சுமார் 6 வீத இழப்புக்கு அணையும். மூன்று கோடு இல்லையென்றால் நாலில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரமாகப் போய்விட்டது. அதைத் தின்றது வயதும் வெப்பமும். திரவக் குளிரூட்டல் இல்லாத அந்தப் பற்றரிக்குக் கொழும்பு வெயில்தான் எதிரி, நுவரெலியாக் குளிர் அல்ல.

மலையகத்தில் தூரத்தை உண்மையில் குறைப்பது ஏற்றம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். நாலு பேரோடு 1,750 கிலோ நிறையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஆறரை அலகு மின்சாரம் வேண்டும். புதிதாக 24 அலகு கொண்ட பற்றரி, தேய்ந்து 16 அலகாக நின்றால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போய்விடும். வீதியில் ஓடுவதற்கான செலவு வேறு.

ஆகவே வாங்குபவர் விடியற்காலை வாசிப்பை மட்டும் நம்பக்கூடாது. கார் சிறிது ஓடிய பிறகு கோடுகளை எண்ணுங்கள். பற்றரியின் நலத்தைக் கணினியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரி முதல் புதிய மின்கார் பற்றரிகளுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்குகிறது. இங்கே குறைந்தபட்சம், பழைய மின்காரை விற்பவர் பற்றரிச் சோதனை அறிக்கையைக் கையில் கொடுக்க வேண்டும் என்ற விதியாவது வேண்டும். கொழும்புக் கடைகளில் வேலை செய்தும் வெளிநாட்டில் உழைத்தும் பிள்ளைகள் அனுப்பும் காசில்தான் பல குடும்பங்கள் கார் வாங்குகின்றன. தேய்ந்த பற்றரியின் விலையை அவர்கள் தலையில் கட்டக் குளிர் ஒரு சாட்டாகக் கூடாது.