விரதக்காரருக்கு ஒரு டம்ளர் பாரமா?

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துச் சனங்கள் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடப்பார்கள். எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக, மண்டபத்துக்கு மண்டபம் தங்கிப் போகிற நடை. அதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு சாலையோரம் கிடப்பதைத்தான் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய தட்டு, டீக் கப். காற்று அத்தனையையும் புஞ்சைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும் நேரம் அது. கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். வெடிப்புக்குள் விழுந்த பாலிதீனை அடுத்த மழையில் மண் மூடிக்கொள்ளும். பிறகு உழவுக் கொழுவில் சுற்றிக்கொண்டு வரும்.

"அன்னதானத்தைக் குறை சொல்லலாமா?" என்பார்கள். புண்ணியம் பந்தல் போட்டவருக்கு, குப்பை சம்சாரிக்கு! இது என்ன கணக்கு? இவற்றில் பலவும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஆல்ப்ஸ் மலைச் செய்திகளை இன்றும் வாசிப்பேன். சாமோனியிலிருந்து செர்மாட் வரை பனியில் சறுக்கியபடியே குடில் குடிலாகத் தங்கிப் போவோர் உண்டு. தங்கள் குப்பையைத் தாங்களே சுமந்து மலையிறங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர்கள் போவது உல்லாசத்துக்கு. நாம் போவது விரதத்துக்கு. கட்டுப்பாடு யாருக்குக் கூடுதலாக இருக்க வேண்டும்?

பந்தல்காரர்களே, மண்பானையும் வாழையிலையும் வையுங்கள். நடப்பவர்களே, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். காவடி சுமக்கிற தோளுக்கு அது ஒரு பாரமா?