ஓட்டமும் நேர்த்திக்கடனும்

வண்ணாரப்பேட்டைத் தோழர்கள் சிலர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதற்காக நெடுந்தூரம் ஓடுவதென்று யோசித்து நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள். கூடியிருந்தவர்களில் ஒருவர், "இங்கே ஓடினால் எங்கோ ஒருவர் உடம்பிலிருக்கும் கட்டி கரையுமா? இதுவும் ஒரு பாதயாத்திரைதானே?" என்று ஆட்சேபித்தாராம். ஆட்சேபணை நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லாமல் ஓடக் கிளம்புவது யோக்கியமாகாது.

நம் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வருஷாவருஷம் ஜனங்கள் கால் கொப்புளிக்க நடக்கிறார்கள். பெற்ற பிள்ளை பிழைக்க வேண்டுமென்று நடக்கும் தாயை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் அங்கே கஷ்டமே காணிக்கை. கஷ்டத்தைக் கண்டு சாமி இரங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளை பிழைத்தால் சாமி செயல், செத்தால் தலைவிதி. கணக்குப் பார்க்க வழியே கிடையாது. திருவொற்றியூரிலோ புற்றையே சாமியென்று கவசமிட்டு மூடி, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மாத்திரம் திறந்து தைலம் சாத்துகிறார்கள். அந்தப் புற்றுக்கு எத்தனை குடம் தைலம் சாத்தினாலும் இந்தப் புற்று ஒரு கடுகளவாவது குறையுமா?

கனடா தேசத்து வாலிபர் டெர்ரி பாக்ஸ் என்பவருக்கு 1977இல், 18ஆம் வயதில், எலும்பில் புற்றுநோய் கண்டு வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 பங்கு இடமுண்டு, இரண்டு வருஷத்திற்கு முன்பாயிருந்தால் 15 பங்குதான் என்பது அவருக்குத் தெரியவந்தது. தோழர்களே, இந்த 35 பங்கு எங்கிருந்து வந்தது? எந்தச் சாமியும் கொடுத்ததல்ல, ஆராய்ச்சி கொடுத்தது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டதனால்தான் அவர் 1980 ஏப்ரல் 12இல் பொய்க்காலோடு ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1இல் நின்றார். 1981 ஜூன் 28இல் இறந்தார். தலைக்கு ஒரு டாலர் கேட்டார். சாவதற்கு முன்பே 2 கோடி 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. ஓட்டம் அவர் நோயைத் தீர்க்கவில்லை, தீர்க்குமென்று அவர் சொல்லவுமில்லை. ஓட்டம் ஜனங்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. பணம் ஆராய்ச்சிசாலைக்குப் போயிற்று. இன்று அதே நோய் கண்ட பலருக்குக் காலை வெட்டாமலே சிகிச்சை செய்கிறார்கள். அவர் பெயரால் நமது சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓட்டம் நடந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவில்லை. பொதுஜனங்களிடம் பணம் திரட்டி 1954இல் அடையாற்றில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி வைத்தார். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதற்கே உழைத்தார்.

ஆகவே ஓடுங்கள். ஆனால் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திக் கிளம்பாதீர்கள். விரதமிருந்து ஓடாதீர்கள், டாக்டரிடம் உடம்பைக் காட்டி, மாதக்கணக்கில் பழகி, வெயில் ஏறுமுன் ஓடுங்கள். மயங்கி விழுவதால் ஆராய்ச்சிக்கு ஒரு காசும் அதிகம் வராது. அன்றியும், சர்க்கார் செய்ய வேண்டியதை நாம் ஓடித் தீர்த்துவிட்டோமென்று சர்க்காரைச் சும்மா விட்டுவிடவும் கூடாது.

முக்கியமாக, எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு போயிற்று என்று ரசீதோடு தெருவிலே ஒட்டிக் காட்ட வேண்டும். உண்டியலுக்குக் கணக்குக் கேட்கும் நாம் நமது டப்பாவுக்கும் கணக்குக் காட்டத்தானே வேண்டும்? அந்த வேலைக்கு, முதலில் ஆட்சேபித்த தோழரையே பொக்கிஷதாராகப் போட்டுவிடலாம்.