என் டிவிடிய நான் காப்பி எடுத்தா திருட்டா?

உக்கடத்துல எங்க வீட்டு அலமாரியில அப்பா காசு கொடுத்து வாங்குன டிவிடிங்க ஒரு பெட்டி நிறைய கிடக்கு. கெட்டுப்போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னு உக்காந்தேன். "திருட்டு டிவிடி தொழிலா?"ன்னு சீனியர் ஒருத்தர் நக்கலடிச்சார்.

ஏனுங்க, காசு கொடுத்தவன் திருடனா? திருட்டு டிவிடியில பூட்டே கிடையாது. ஒழுங்கா வாங்குனவனுக்குத்தான் பூட்டு!

அந்த சிஎஸ்எஸ் பூட்டை 1999-லயே உடைச்சுட்டாங்க. அதுல பங்கிருந்த நார்வே பையன் யோன் யோஹான்சன் மேல கேஸ் போட்டாங்க. சொந்த டிவிடிய திறந்து பார்க்கறது குத்தமில்லைன்னு 2003-ல கோர்ட் விட்டுருச்சு.

நம்மூர்ல 2012-ல காப்புரிமைச் சட்டத்துல 65ஏ பிரிவு வந்துச்சு. பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா உரிமையை மீறுற நோக்கத்தோட உடைச்சாத்தான். சீனியர் இந்த வரியைப் படிக்கல போல. சாஃப்ட்வேர் பேக்கப்புக்கு 52-ஆம் பிரிவு நேரடியா அனுமதி தருது. படத்துக்கு மட்டும் 'சொந்த உபயோகம், நியாயமான பயன்பாடு'ன்னு மழுப்பல். பேக்கப்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன குறைஞ்சுபோகும்?

34 ரூபாய்க்கு டிவிடி வித்த மோசர் பேயரே 2018-ல கலைப்புக்குப் போயிருச்சு. இனி கீறல் விழுந்தா யார்கிட்ட போய் மாத்தறது?

இன்னும் பதினோரு டிவிடி பாக்கி. ராத்திரிக்குள்ள ஏத்திடுவேன்.