வராத மாணவரைத் தேடி

பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து பத்து நாள்கள் 'வரவில்லை' எனக் குறிக்கப்படுகிறது. மாணவர் ஏன் வரவில்லை என்பதை அக்குறி சொல்லாது. காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. தாய் நோயுற்றிருக்கலாம், தந்தை மதுவுக்கு அடிமையாகியிருக்கலாம், வாங்கிய முன்பணத்திற்காகக் குடும்பமே செங்கல் சூளைக்குப் பெயர்ந்திருக்கலாம். இக்காரணங்களை அறிந்து, குடும்பத்திற்குத் துணைநிற்கும் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் பள்ளிகளுக்குத் தேவை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பசி தீர்த்த பாதை

குடும்பத்தின் துயரைக் குறைக்காமல் குழந்தையைப் பள்ளியில் நிலைநிறுத்த இயலாது என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. ஆயினும், பசி எல்லார்க்கும் பொதுவானது. அதற்கு எல்லார்க்கும் ஒரே பந்தி போதும். கடனும் நோயும் பூசலும் வீட்டுக்கு வீடு வேறுபடுவன. அவற்றைப் பொதுத்திட்டம் மட்டும் தீர்த்துவிடாது. வாயிலில் நின்று கேட்டறியும் மனிதர் வேண்டும்.

பதினான்கு வயது என்னும் திருப்பம்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைச் சில விலக்குகளுடன் தடைசெய்கிறது. 14 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கோ ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை உண்டு. எனவே, பதினான்கு வயது நிறையும்போது கல்விக்கான உறுதியும் உழைப்புக்கெதிரான காப்பும் ஒருசேரத் தளர்கின்றன. வறுமையுற்ற குடும்பம் மகனைப் பட்டறைக்கு அனுப்பவும் மகளுக்கு மணம்பேசவும் எண்ணுவது இப்பருவத்தில்தான். சட்டத்தின் கை தளரும் இடத்தில் மனிதரின் கை பற்ற வேண்டும்.

பணியின் இயல்பு

ஏறத்தாழ 1906ஆம் ஆண்டளவில் நியூயார்க், பாஸ்டன் முதலிய அமெரிக்க நகரங்களில், மாணவர்தம் வீடுகளுக்குச் செல்லும் ஆசிரியர்களைக் கொண்டு பள்ளிச் சமூகப்பணி தொடங்கியது. வீட்டின் நிலையைப் பள்ளிக்கும், பள்ளியின் நோக்கத்தை வீட்டிற்கும் எடுத்துரைப்பதே இப்பணியின் அடிப்படை. கணவனை இழந்த தாய்க்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தருதல், நோயுற்றோரை அரசு மருத்துவமனைக்கு வழிப்படுத்துதல், பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் செல்லும் காலத்தில் பிள்ளைக்கு விடுதியில் இடம் பெற்றுத்தருதல், குழந்தைத் திருமண ஏற்பாட்டை உரியவர்க்கு அறிவித்துத் தடுத்தல் ஆகியன அதன் நடைமுறைக் கூறுகள்.

எதிர்வாதங்கள்

இவற்றை ஆசிரியரே செய்யலாமே என்பர். பலர் செய்துவருகின்றனர்; அவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால், கற்பித்தலும் தேர்வும் பதிவேடுகளும் முடிந்தபின் எஞ்சும் பொழுதில்தான் அவர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். ஒரு குழந்தையின் எதிர்காலம் ஒருவரின் ஓய்வுநேரத்தை நம்பியிருத்தல் தகாது. பிறர் வீட்டு நிகழ்வில் தலையிடலாமா என்றும் கேட்பர். விசாரணை வேறு, துணை வேறு. இசைவு பெற்று நுழைதலும், அறிந்ததை மறைத்துக் காத்தலும், குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலையில் மட்டும் உரியவரிடம் தெரிவித்தலும் இப்பணியின் அறங்களாகும். செலவு மிகும் என்பாரும் உளர். பள்ளிக்கு ஒருவர் இயலாதெனில், குறுவள மையத்திற்கு ஒருவரையேனும் அமர்த்தித் தொடங்கலாம். பாதியில் நின்ற மாணவரை மீண்டும் சேர்ப்பதினும் நிற்காமல் காப்பது எளிது.

நம் கடமை

மாணவர்களே! பக்கத்து இருக்கை வெறுமையானதை முதலில் அறிபவர் நீங்களே. நண்பர் வராத காரணத்தை அன்போடு கேளுங்கள். அறிந்ததை வகுப்பில் பரப்பாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆபத்து எனத் தோன்றினால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். சமூகப்பணியை உயர்கல்வியாகக் கற்கவும் வாய்ப்புண்டு. உங்களுள் சிலர் அதனைத் தேர்ந்தெடுத்தல் நன்று. வராத மாணவரைத் தேடிச் செல்லும் சமூகமே, எல்லார்க்கும் கல்வி என்று சொல்லும் தகுதியைப் பெறும்.