மிருதங்கப் பயிற்சியும் ஆசிரியர் கடமையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தண்ணுமையாசிரியனது இலக்கணம் கூறுமிடத்து, அவன் கைவன்மையை மட்டும் புகழ்ந்து அமைந்துவிடவில்லை. ஆடலும் பாடலும் தமிழும் அறிந்தவன். யாழும் குழலும் மிடறும் இசைவதைக் கேட்டு, குறைந்தவிடத்தை நிறைத்தும் மிகுந்தவிடத்தை அடக்கியும் வாசிப்பவன் என்றே இளங்கோவடிகள் அவனை நமக்குக் காட்டுகின்றார். கேட்டல் முன்னது, கொட்டல் பின்னது என்பது இதனாற் பெறப்படும்.

தனிமுறையில் மிருதங்கம் கற்பிக்கும் இல்லங்கள் சிலவற்றிலோ இவ்வொழுங்கு தலைகீழாய் இருக்கக் காண்கின்றோம். எம் விடுதித் தோழர் ஒருவர் ஈராண்டுக்காலம் ஓர் ஆசிரியரிடம் பயின்றார். தொடக்கத்திலேயே போட்டிக்கென்று கோர்வைகளை மனப்பாடம் செய்தார், பரிசும் பெற்றார். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவின்போது ஆதி தாளக் கீர்த்தனையொன்றை யாம் பாட, அவர் உடன் வாசிக்க அமர்ந்தார். பாட்டு, தாளம் தொடங்கும் இடத்தில் எழாது சற்றுத் தள்ளி எழுந்தது. அவர் கை தடுமாறிற்று. கற்ற கோர்வைகளுள் ஒன்றும் உதவவில்லை. அன்றிரவு உறையிலிட்ட மிருதங்கத்தை அவர் இன்னும் வெளியில் எடுத்திலர். அவருக்கு ஞானம் இல்லை என்பார் உளர். யாம் அவ்வாறு கருதோம். பாட்டைக் கேட்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை; அவ்வளவே.

ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்று அமையும் பாடத்தின் பயன்தான் யாது? வகுப்பறையில் இயலாத பொறுமை அங்கே இயலும் என்பதே. ஆதலின் முதற்கண் வாயும் செவியும் பழகுதல் வேண்டும். கையால் தாளமிட்டு, வாயால் ‘த தி தொம் நம்’ என்னும் சொற்களை மூன்று காலத்தும் சொல்லப் பழகுக. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் முதற்காலத்தில் 8 சொற்களும், இரண்டாங்காலத்தில் 16 சொற்களும், மூன்றாங்காலத்தில் 32 சொற்களும் பிசகாது அடங்குமாயின், பின்பு கை தானே வழிக்கு வரும். வாயில் வாராத சொல் விரலில் வருவது அரிது. விரைவு பிழையை மறைக்கும். விளம்பமோ அதனை வெளிப்படுத்தும். அன்றியும், தொடக்க நாள் முதலே பாடத்தின் இறுதியில் எளிய பாட்டொன்றைப் பாடி, அதற்கு மாணவரைத் தட்டச் செய்தல் நன்று.

இரண்டாவதாக, பாடம் மாணவரது கைக்கு ஏற்றதாக வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கை வழக்கமுடையவர். வலக்கையரே வாசிக்கத் தக்கவர் என்று அவரை ஒதுக்கியிருப்பின், மிருதங்க உலகம் தன் பெருவித்துவான்களுள் ஒருவரை இழந்திருக்கும் அன்றோ!

மூன்றாவதாக, கருவியை அறிவித்தலும் பாடமேயாம். வலந்தலையைச் சுருதி சேர்த்தலும், இடந்தலையில் ரவைப்பசை இடுதலும் மாணவர் தாமே செய்யட்டும். ஒருமுறையேனும் கருவி செய்வோர் இல்லத்திற்கு ஆசிரியர் அவரை அழைத்துச் செல்லட்டும். பலாக்கட்டையிலும் தோலிலும் நாதத்தைக் கண்டறியும் செவி அங்கே இருக்கின்றது. பாலக்காடு மணி ஐயருக்கு (1912–1981) மிருதங்கம் செய்தளித்த பர்லாந்தும் அவர் குடும்பத்தாரும் தஞ்சையைச் சார்ந்த ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். இத்தகையோர் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். நாதத்தைப் படைத்தவர் பெயரை அறியாது நாதத்தை மட்டும் பயில்தல் எங்ஙனம் நிறைவுடைய கல்வியாகும்?

மேடை என்னும் நோக்கம் இல்லையேல் மாணவர் ஊக்கம் குன்றும் என்பர் சிலர். அதனை யாம் முற்றும் மறுக்கிலோம். அரங்கேற்றம் எப்போது என்று பெற்றோர் மாதந்தோறும் வினவுங்கால் ஆசிரியர் படும் இடரையும் அறிவோம். ஆயினும் பயில்வோர் அனைவரும் வித்துவான்கள் ஆகப்போவதில்லை. பெரும்பாலோர் எழுத்தராய், ஆசிரியராய், மருத்துவராய் வாழப்போகின்றவர். மேடைக்கென்றே கற்றது மேடை கிட்டாதபோது கைவிட்டுப் போகும். கேட்கக் கற்ற செவியோ இறுதிவரை உடன்வரும்.

ஆதலால், ஆசிரியப் பெருமக்காள்! எம்மை விரைந்து உயர்த்த வேண்டா, மெல்ல நிலைநிறுத்துங்கள். எம் தோழரது மிருதங்கம் இன்னும் விடுதிக் கட்டிலின்கீழ்க் கிடக்கின்றது. ‘முதலிலிருந்து தொடங்குவோம் வா’ என்று அழைக்கும் ஆசிரியர் ஒருவர் வாய்ப்பின், அஃது மீண்டும் ஒலிக்கும் என்பதே எமது நம்பிக்கை.