அயலார் கையும் அகத்துப் பூசலும்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு உளது. அதன்மேல் நின்று நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். வருகின்ற நீரை முற்றும் அடைத்து வைத்தல் அணையின் தொழிலன்று. வந்ததை வந்தபடியே விட்டுவிடுதலும் அதன் தொழிலன்று. வேண்டும் நீரை வாய்க்காலில் திருப்பி, மிகுந்த வெள்ளத்தைக் கடலுக்கு விடுத்து, இரு மருங்கிலுமுள்ள பயிரைக் காப்பதற்கே அஃது ஏற்பட்டது. கரையானது வெள்ளத்தின் வலிமையால் மட்டும் உடைவதில்லை என்பதையும் அப்பக்கத்துக் குடியானவர் நன்கறிவர். யாரும் கவனியாது விட்ட எலி வளையிலும் நண்டு வளையிலும் நீர் முதலிற் கசியும், பின்னரே உடைப்பெடுக்கும். ஒரு தேசத்தின் அரசியலில் அயலார் புகும் வகையும் இத்தகையதே என்பது நமது துணிபு.

அவ்வணையினின்று ஆற்றோடு கீழே செல்வோமாயின், புவனகிரியும், அதற்கு அணித்தே சிதம்பரமும், ஆறு கடலொடு கலக்குமிடத்துப் பரங்கிப்பேட்டையும் எதிர்ப்படும். தில்லைக் கூத்தப்பெருமானின் கோயிலும், மரைக்காயர்களின் பள்ளிவாசல்களும், போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து வணிகஞ் செய்த துறைமுகமும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும். வடக்கே வடலூரில், இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு, உண்ண வருவாரைச் சாதியும் சமயமும் வினவாது இன்றும் எரிகின்றது. பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒரே ஆற்றின் நீரை உண்டு வாழ்தல் நமக்குப் புதியதன்று.

'இத்துணை வேற்றுமைகளையுடைய நாடு அயலார் சூழ்ச்சிக்கு எளிதில் இரையாகும். ஆகலின் யாவரையும் ஓரச்சில் வார்த்தாலன்றிப் பாதுகாவல் இல்லை' என்பர் சிலர். 'அயலார் தலையீடு என்பதே சிறுபான்மையோரை அச்சுறுத்தற்கு வகுத்த பூச்சாண்டி' என்று தள்ளிவிடுவர் வேறு சிலர். இவ்விரு கட்சியாரோடும் நாம் மாறுபடுகின்றோம். அயலார் தலையீடு மெய். அதன் வாயில் மட்டும் இவர்கள் சுட்டுமிடத்தில் இல்லை. இதற்கு நமது கடற்கரைச் சரித்திரமே சான்று பகரும்.

பிரெஞ்சுக்காரர் 1674-ஆம் ஆண்டு முதல் புதுச்சேரியில் இருந்தனர். ஆங்கிலக் கம்பெனியார் 1690-ஆம் ஆண்டில், அப்போது செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள ஊர்கள் அவர்களுடையன என்பது உடன்படிக்கை. அவ்வூர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. எனினும், அதன் பின்னர் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இரு கம்பெனியாரும் பெரும்பாலும் வணிகராகவே காலங்கழித்தனர். பீரங்கியும் கோட்டையும் கைவசமிருந்தும் கர்நாடக இராஜ்யம் அவர்கள் வசமாகவில்லை.

அஃது அவர்கள் வசமானது, நவாபுப் பதவிக்கு இருவர் உரிமை கோரி நின்ற காலத்திலேயாம். 1749-ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். சந்தா சாயபு பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். மாண்டவரின் மைந்தர் முகம்மதலி ஆங்கிலேயரின் துணையை நாடினார். 1752-இல் சந்தா சாயபு கொலையுண்டார். 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகம்மதலியைக் கர்நாடகத்துக்கு நவாபு என ஒப்புக்கொண்டது. ஆர்க்காட்டில் யார் ஆளுவது என்பதை எழுதி முடித்த இடம் பாரிசு! வென்றவர்க்கேனும் நன்மை உண்டாயிற்றோ எனின், அதுவும் இல்லை. உதவிக்கு வந்த படையின் செலவு கடனாயிற்று. கடன் வட்டியாற் பெருகிற்று. 1801-ஆம் ஆண்டில் இராஜ்ய நிர்வாகம் முழுதும் கம்பெனியார் கையிற் சேர்ந்தது.

அவ்விடைக் காலத்தில் நமது ஊர்கள் பட்ட பாடு சிறிதன்று. 1758-இல் தேவனாம்பட்டினக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். 1781 ஜூன் மாதத்தில் சிதம்பரம் கோயில் ஹைதரலியின் படைக்கு அரணாயிருக்க, ஆங்கிலச் சேனாபதி அயர் கூட் அதனைத் தாக்கிப் பிடிக்கமாட்டாது மீண்டார். அடுத்த ஜூலை முதல் நாளில் பரங்கிப்பேட்டையிற் பெரும் போர் மூண்டது. 1783-இல் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட போர், ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி கப்பலில் வந்த பின்னரே நின்றது. நமது ஊர்ச் சண்டை நிற்பதற்கும் பிற தேசத்தாரின் கடிதத்தை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. சந்தா சாயபுவும் முகம்மதலியும் ஒரே மார்க்கத்தவர். அவர்களுக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கிறிஸ்துவின் பெயராலேயே வழங்கியவர். ஆகலின் கர்நாடகம் வீழ்ந்தது மக்களின் மதபேதத்தாலன்று. வழக்கை யாவரும் ஒப்ப நியாயமாகத் தீர்த்துக்கொள்ளும் ஒரு மன்றம் உள்ளூரில் இல்லாமையே அந்த எலி வளை. தோற்றவன் தலையிழப்பான் என்ற நிலையில், தோற்க விரும்பாத ஒவ்வொருவனும் அயலானை அழைத்தே தீர்வான்.

அக்காலத்திலேயே இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு, அது பலரறியாதது. நவாபுக்குக் கடன் கொடுத்த ஆங்கிலேயர் சிலர், கர்நாடகத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு இங்கிலாந்துப் பார்லிமெண்டிலேயே ஸ்தானங்களைத் தேடிக்கொண்டனர். எட்மண்டு பர்க்கு என்னும் அறிஞர் 1785 பிப்ரவரியில் அச்சபையில் எழுந்து, பால் பென்பீல்டு என்ற ஒரு கடன்காரரே தம்மையுஞ் சேர்த்து எட்டு உறுப்பினர்களை முந்திய பார்லிமெண்டில் அமர்த்தினார் என்று குற்றஞ்சாட்டினார். நம் குடியானவரிடம் வசூலித்த வரிப்பணம் கடல் கடந்து சென்று, லண்டனில் வாக்குகளை விலைபேசிற்று! அப்பார்லிமெண்டில் மதபேதமோ மொழிபேதமோ மிகுதியாக இருந்ததில்லை. எவ்வழியில் வந்தது என்று கேட்பாரற்ற பணம் மட்டும் இருந்தது, அதுவே போதியதாயிற்று.

இக்காலத்துக்கு வருவோம். கனடா தேசம் பல்லினப் பண்பாட்டை 1971-ஆம் ஆண்டில் அரசாங்கக் கொள்கையாக ஏற்று, 1988-இல் சட்டமும் ஆக்கிற்று. நம் தமிழ் மக்கள் பெருந்தொகையினராய் வாழும் நாடு அது. அங்கே தேர்தல்களில் அயல் அரசுகள் தலையிட்டமை குறித்து ஆராய நீதிபதி மேரி ஜோசே ஹோக் அம்மையார் தலைமையில் 2023-இல் ஒரு கமிஷன் அமைந்தது. அதன் முடிவறிக்கை 2025 ஜனவரியில் வெளிவந்தது. தலையீட்டு முயற்சிகள் உண்மை என்றும், எனினும் 2019, 2021 ஆகிய ஆண்டுத் தேர்தல்களில் எக்கட்சி ஆள்வது என்பதை அவை மாற்றவில்லை என்றும், பொய்ச்செய்தி பரப்புதலே ஜனநாயகத்துக்குப் பேரபாயம் என்றும் அது கூறிற்று. சீனத்தையும் இந்தியாவையும் அவ்வறிக்கை பெயர் சுட்டியது. இந்திய அரசாங்கம் அதனை மறுத்தது. நமக்கு இதிற் பாடம் யாதெனின், அயல் அரசுகளின் அச்சுறுத்தலுக்கு முதலில் ஆளானோர் அந்நாட்டிற் குடியேறிய மக்களேயாவர். அச்சுறுத்தப்படுவோன் எவனோ அவன்மீதே அயலாரும் ஐயங்கொள்வாராயின், அவன் யாரிடம் முறையிடுவான்? இவ்வாறு தனித்து விடப்பட்டவனைத் தேடியன்றோ சூழ்ச்சிக்காரன் வருகின்றான்!

இனி நமது வீட்டைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பொருள் நம் அரசியலைக் கெடாதிருத்தற்பொருட்டு 1976-இல் ஒரு சட்டம் ஏற்பட்டது. 2010-இல் அது புதிதாக இயற்றப்பட்டது. 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. அனாதைச் சிறுவர்க்குக் கஞ்சி வார்க்கும் சிறு ஸ்தாபனமும் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கிக் கிளையொன்றிற் கணக்குத் திறந்தாலன்றி வெளிநாட்டு உதவியைப் பெறலாகாது. கணக்குக் கேட்பதை நாம் குறை கூறோம், கேட்கவே வேண்டும். ஆனால், இரு பெருங் கட்சிகள் வெளிநாட்டுக் கம்பெனியைச் சார்ந்த நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றது சட்டவிரோதம் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தபோது நிகழ்ந்தது யாது? 2016-ஆம் ஆண்டின் நிதிச்சட்டத்தால் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் இலக்கணம் தளர்த்தப்பட்டது. 2018-ஆம் ஆண்டின் நிதிச்சட்டம் அத்தளர்வை 1976 வரை பின்னோக்கிச் செலுத்திற்று. கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தற் பத்திரங்களை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியிற் செல்லாதனவாக்கியது நமக்கு ஆறுதல். வாய்க்காலின் சிறு மடைக்குப் பூட்டும், ஆற்றின் பெரு மதகுக்குத் திறப்பும் வைப்பது நல்ல நீர்க்காவலாகாது.

நமது கல்லூரி போன்ற மிஷன் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாதொழிதல் நேர்மையன்று. இவை கடல் கடந்து வந்தோரின் பொருளாலும் உழைப்பாலும் தோன்றியவை. அதனை மறைப்பது நன்றிகேடு. அதனாலேயே இவை வினாவுக்கு அப்பாற்பட்டவை என்பது செருக்கு. வெளியிலிருந்து வரும் உதவி யாதாயினும் மூன்று கேள்விகளுக்கு விடை கூறல் வேண்டும். அது வெளிப்படையாக வந்ததோ? அதற்குக் கணக்குண்டோ? பெறுவோன் கொடுப்போனுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையுடையனோ? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் அது கொடை. ஒன்றுக்கேனும் வாராதாயின் அது தூண்டில். இவ்வளவுகோல் கல்லூரிக்கும் கட்சிக்கும், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! 1950-ஆம் ஆண்டின் அரசியற் சட்டம், தன் 325-ஆம் பிரிவினால், மதம், இனம், சாதி, பால் என்னும் காரணங்களால் எவரையும் விலக்காத ஒரே வாக்காளர் பட்டியலைத் தொகுதிதோறும் நமக்கு அளித்துள்ளது. சந்தா சாயபுவுக்கும் முகம்மதலிக்கும் இல்லாதிருந்த மன்றம் இதுவே. இதில் தோற்றவன் தலையிழப்பதில்லை; ஐந்தாண்டிற்குள் மீண்டும் வந்து கேட்கின்றான். இம்மன்றத்தின்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கையே நமது கரை. தேர்தற் காலத்தில், இன்ன ஊரில் இன்ன மதத்தார் இன்னது செய்தனர் என்று கைப்பேசியில் வருஞ் செய்தியை ஆராயாது பிறர்க்கு அனுப்புவோன் அக்கரையில் ஒரு வளை தோண்டுகின்றான். அண்டை வீட்டானை நோக்கி, 'நீ இத்தேசத்தவன்தானா?' என்று வினவுவோன் மற்றொன்று தோண்டுகின்றான். தன் கட்சி பெற்ற பணத்தின் வழியை வினவாதோன் மூன்றாவதும் பெரியதுமான வளையைத் தோண்டுகின்றான்.

வெள்ளம் ஆண்டுதோறும் வரும். அதனை வாராதே என்று தடுத்தல் நம்மாலாவதன்று. மழைக்கு முன்னரே கரைமேல் நடந்து வளைகளைத் தேடி அடைத்தல் நம்மாலாவது. அவ்வேலையைக் கரையின் இருபுறத்தாரும் சேர்ந்தே செய்தல் வேண்டும். ஏனெனில் உடைப்பு எப்பக்கத்தில் நேரினும் நீர் ஒருவர் வயலோடு நில்லாது.