நெல்லுச்சோறும் அப்பாவும்

போன வருஷம் எங்க வீட்டுல ஒரு சண்டை. சத்தம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அப்பா சாப்பாட்டுத் தட்டை மெதுவா முன்னால தள்ளி வெச்சுட்டு எழுந்து போயிட்டார், அவ்வளவுதான். ஆனா அந்தத் தட்டு ரொம்ப நாளைக்கு என் கண்ணுலயே நின்னுது.

அம்மா போனதுக்கப்புறம் அப்பா கோவில்பட்டிப் பக்கத்து கிராமத்தை விட்டுட்டு எங்ககூட மைசூருக்கு வந்துட்டார். தூத்துக்குடி - மைசூர் எக்ஸ்பிரஸ்ல இறங்கும்போது ஒரு பெட்டி துணி, ஒரு மூட்டை புழுங்கலரிசி. "இங்க அரிசி கிடைக்காதாப்பா?"ன்னு சிரிச்சேன். மூணாவது மாசம் சுகர் டெஸ்ட் ரிசல்ட்டைப் பாத்துட்டு டாக்டர், "சாதத்தைக் குறைங்க"ன்னார். நான் குறைக்கல, நிறுத்தியே விட்டேன். மூட்டை பரணுக்குப் போயிடுச்சு. காலைல கேப்பை தோசை, மத்தியானம் ராகி முத்தெ (நம்ம களி உருண்டைதான்), ராத்திரி கேப்பைக் கூழ். ஒரு வாரம் பேசாம சாப்பிட்டார். எட்டாவது நாள்தான் தட்டைத் தள்ளினது.

"வழியில்லாத காலத்துல தின்னதை, மக சம்பாதிக்கிற வீட்டுலயும் திங்கணுமா தாயி?"

சுருக்குன்னுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர் கரிசக்காடு. ஆறு கிடையாது, வானம் பாத்த பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மிளகாய் இதுதான் வெள்ளாமை. அப்பா சின்னப் பையனா இருந்தப்போ வெறுமனே 'சோறு'ன்னா அது கம்மஞ்சோறு. அரிசில ஆக்கினா அதுக்குத் தனியா பேர் சொல்லணும்: 'நெல்லுச்சோறு'. கி.ரா.வோட கரிசல் கதைகளைப் படிச்சவங்களுக்கு இது புதுசா இருக்காது. தீபாவளி, பொங்கல், கல்யாணம், இல்லாட்டி வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாத்தான் நெல்லுச்சோறு.

1967 தேர்தல்ல தி.மு.க. 'ரூபாய்க்கு மூணு படி அரிசி'ன்னு வாக்குறுதி கொடுத்துச்சு. ஜெயிச்சு வந்து முதல்ல ஒரு படின்னு சென்னையிலயும் கோவையிலயும் மட்டும்தான் தர முடிஞ்சுது. ஒரு ஆட்சி மாற்றத்துக்கே அரிசி ஒரு காரணமா இருந்த காலம்னா பாத்துக்குங்க. அப்பாவுக்கு அப்போ இருபது வயசு. அடுத்த ரெண்டு வருஷத்துல அரசாங்க வேலை கிடைச்சு, முதல் சம்பளத்துல வாங்கினது அரை மூட்டை அரிசி. ஆத்தா அதை முறத்துல கொட்டி, புடைக்காம சும்மா கையால அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்களாம். அன்னைல இருந்து எங்க வீட்டுல தினமும் நெல்லுச்சோறு. நான் பிறந்து வளர்ந்தப்போ அதுக்கு 'சோறு'ன்னே பேர் வந்தாச்சு.

இதை ஆபீஸ்ல கூட வேலை பாக்கற மணிலாக்காரத் தோழிகிட்ட சொன்னேன். அவங்க மொழியிலயும் நெல்லு (பலாய்), அரிசி (பிகாஸ்), சோறு (கானின்) மூணுக்கும் மூணு சொல். இங்க கன்னடத்துல பத்த, அக்கி, அன்ன மாதிரி. ராத்திரி மிஞ்சின சோத்தை நாம தண்ணி ஊத்தி வெப்போம், அவங்க காலைல பூண்டு போட்டு வதக்கிச் சாப்பிடுவாங்க. அவங்க அம்மாவும் போன் எடுத்தவுடனே கேக்கறது 'சாப்பிட்டியா?'தானாம்! அவங்க நாட்டு லாஸ் பான்யோஸ்ல இருக்கற சர்வதேச அரிசி ஆராய்ச்சி நிலையம்தான் 1966ல ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டுச்சு. தமிழ்நாட்டு விவசாயி ஒருத்தர் பிள்ளைக்கே 'ஐ.ஆர்.எட்டு'ன்னு பேர் வெச்சார், அப்படி விளைஞ்சுது. எங்க அப்பா தட்டுல தினம் நெல்லுச்சோறு விழுந்ததுல மணிலாவுக்கும் பங்கு இருக்குன்னு சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இப்போ நாம குதிரைவாலியை அரிசியை விட அதிக விலை குடுத்து வாங்கறோம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சு. எல்லாம் நல்லதுதான். அதே வருஷம் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய்னு சொல்லுது. அதனால வெளிநாட்டுல இருந்து வீடியோ கால்லயே அப்பா அம்மாவுக்கு உத்தரவு போடறோம், "ரைஸை விட்டுடுங்க, மில்லெட்டுக்கு மாறிடுங்க." நமக்கு அது புதுசா கிடைச்ச ஆரோக்கியம். அவங்களுக்கு அது கஷ்டப்பட்டுத் தாண்டி வந்த பஞ்சம். ஒரு வாழ்நாள் உழைப்பை, ஏதோ கெட்ட பழக்கம் மாதிரி நாம விடச் சொல்றோம். நான் பண்ணின தப்பு அதுதான்.

ராகி நாடான மைசூர்லயும் இதே கதை இருக்கு. 16ஆம் நூற்றாண்டுல கனகதாசர் 'ராமதான்ய சரித்ரெ'ன்னு ஒரு காவியம் எழுதினார். அதுல அரிசிக்கும் ராகிக்கும் யார் பெரியவன்னு சண்டை. ராமர் ரெண்டையும் ஆறு மாசம் சிறைல வெக்கிறார். அரிசி வீணாப் போகுது, ராகி அப்படியே இருக்கு. ராகவன் தன் பேரையே ராகிக்குக் குடுத்துட்டாராம். 'அரிசி தின்னவன் பறவை, சோளம் தின்னவன் ஓநாய், ராகி தின்னவன் நோயில்லாதவன்'னு இங்க பழமொழியே உண்டு. அப்படிப்பட்ட ஊர்க்காரரான சித்தராமையா 2013ல முதல்வரானதும் செஞ்ச முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? அன்னபாக்யா. ஏழைக் குடும்பத்துக்கு மாசம் 30 கிலோ வரைக்கும், கிலோ ஒரு ரூபாய்னு அரிசி. சின்ன வயசுல அரிசிச் சோறு அபூர்வம்னு அவரே மேடைல சொல்லியிருக்கார். ராகியைக் காவியத்துல ஜெயிக்க வெச்ச ஊர்லயும் ஏழை வீட்டு ஆசை அரிசிதான்.

எனக்கு வழி காட்டினது எதிர்வீட்டு அஜ்ஜி. அப்பா தட்டைத் தள்ளின கதையைக் கேட்டுட்டு எங்களை ஊட்டாவுக்குக் கூப்பிட்டாங்க. முதல்ல ஒரே ஒரு முத்தெ, கீரை போட்ட பஸ்ஸாரு, பல்யா. அதை முடிச்சதும் அதே தட்டுல ஒரு கரண்டி அன்னம், அதுக்கு மேல சாரு. கடைசியா மஜ்ஜிகெ. அப்பா ராகியை மெல்லத் தெரியாம மென்னுக்கிட்டிருந்தார். "மெல்லக் கூடாது, முழுங்கணும்"னு அஜ்ஜி கைஜாடை காட்டினாங்க. அந்த ஒரு கரண்டி அன்னம் விழுந்தப்போ நிமிர்ந்து உக்காந்தார். விருந்துல கடைசியா நெல்லுச்சோறு வர்ற முறை அவருக்குப் பிடிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்து, "அந்தம்மா சோத்தைப் பறிக்கல, பின்னால தள்ளி வெச்சிருக்கு"ன்னார்.

அன்னைல இருந்து எங்க வீட்டுலயும் அதே வரிசைதான். பரண்ல இருந்த மூட்டையை இறக்கியாச்சு. இன்னொண்ணும் மாத்தினேன். முன்னாடி அவருக்கு மட்டும் தனிச் சமையல், எங்களுக்குச் சாதம். பேரன் பொன்னி அரிசிச் சோறு சாப்பிட, அவர் மட்டும் கேப்பை சாப்பிட்டா அது மருந்தா தெரியுமா, தண்டனையா தெரியுமா? இப்போ எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே நேரம்.

ஒண்ணு உண்மையா சொல்லிடறேன். ராகியும் மாவுச்சத்துதான். ரெண்டு உருண்டை உள்ள தள்ளினா சர்க்கரை ஏறத்தான் செய்யும். தானியத்தை மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறது நம்ம தலைமுறையோட மூடநம்பிக்கை. அளவு, கூட இருக்கற காய், சாயங்கால நடை, மாத்திரை எல்லாம் சேந்துதான். அப்பாவோட எண்ணு முன்ன மாதிரி இல்ல, இறங்கியிருக்கு. இன்னும் இறங்கணும்.

அதனால, தூரத்துல இருந்து பெத்தவங்களோட தட்டைத் திருத்தணும்னு நினைக்கறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். "சோத்தை விடுங்க"ன்னு சொல்றதுக்கு முன்னால, "உங்க வீட்டுல தினமும் நெல்லுச்சோறு ஆக்க ஆரம்பிச்சது எப்போப்பா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. அரைமணி நேரம் பேசுவாங்க. அதுக்கப்புறம் அளவைப் பத்திப் பேசினா, கேப்பாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஒரு கரண்டியா, ரெண்டு கரண்டியான்னு உங்க டாக்டரைக் கேளுங்க. அந்தக் கடைசிக் கரண்டியை மட்டும் பரண்ல ஏத்திடாதீங்க.